இரண்டு ஊதுபத்தி ஓட்டைகள்

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழாததைக் கேட்காமல் எழுந்து வருகிறவன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் வெளிநாட்டுப் பயணக் கட்டுரை எழுத உட்கார்ந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன். எங்கள் அதிகாரிகள் பலர் ஜெர்மனிக்குப் போய்வந்து எழுதியிருக்கிறார்கள். அவற்றில் நதி வருகிறது, கோட்டை வருகிறது, பனி வருகிறது. நான் பார்த்த ஒரு சாண் இரும்புத் துண்டு எதிலும் வரவில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காவிரி கடலில் சேரும் பக்கத்தில் எண்ணெய் தேடித் துளை போடும் ரிக் ஒன்றில் ஒன்பது வருஷமாக இருந்தேன். ரிக் என்றால் ஒரு நெடிய இரும்புக் கோபுரம். அதன் உச்சியிலிருந்து எஃகு வடத்தில் ஒரு பெரிய கப்பி தொங்கும். குழாய்களை அந்தக் கப்பியில் மாட்டித்தான் பூமிக்குள் இறக்குவோம், ஏற்றுவோம். அத்தனை பாரத்தையும் பிடித்து நிறுத்துவது ஒரு பிரேக். அதற்கு இடுப்புக்கு மேல் வரும் ஓர் இரும்புக் கைப்பிடி. கைப்பிடியைப் பிடித்து நிற்கிறவன் டிரில்லர். எங்கள் ஷிப்டின் டிரில்லர் மாணிக்கம். நான் அவனுக்கு அடுத்த ஆள்.

ரிக்கில் வெள்ளிக்கிழமை பூஜை என் பொறுப்பு. கைப்பிடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். கைப்பிடியின் அடியில், இரும்புத் தட்டில், விரல் நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வாழைப்பழத் துண்டை அடைத்து ஊதுபத்தி செருகுவேன். நான் வருவதற்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். ஓட்டைகள் அதற்காகவே வைத்தவை போல அவ்வளவு வசதியாக இருந்தன.

ஒரு நாள் மாணிக்கம் கைப்பிடியை அழுத்தி, எல்லா டிரில்லர்களும் செய்கிறபடி அதன் மேல் சங்கிலியை மாட்டிவிட்டு, எடைமானியைப் பார்க்க இரண்டடி நகர்ந்தான். சங்கிலி அறுந்தது. கைப்பிடி துள்ளி எழுந்தது. கப்பி விழுந்து மேடையை உடைத்தது. கலியபெருமாள் என்ற தொழிலாளியின் வலது கால் பாதம் நசுங்கிப்போயிற்று.

மாணிக்கத்தை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை நடத்தினார்கள். விசாரணை அதிகாரி மிஷின் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "சங்கிலி அறுந்தாலும் கைப்பிடி எழும்பாமல் பிடிக்க ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது என்று இதில் போட்டிருக்கிறது. அதை மாட்டாமல் விலகியது உன் குற்றம்" என்றார். மாணிக்கம், "அப்படி ஒண்ணு எங்க மிஷின்லயே கெடையாதுங்க" என்றான். சாட்சியான என்னைப் பார்த்து, "கொக்கி இருந்ததா, இல்லையா?" என்று கேட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"தெரியாது சார்" என்றேன்.

வெளியே வந்ததும் மாணிக்கம் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. "ஒம்பது வருஷமா அந்தக் கைப்பிடிக்குப் பொட்டு வச்சவன் நீ. ஒனக்குத் தெரியாதாடா?" என்று மட்டும் கேட்டான்.

இரண்டு மாதம் கழித்து ஜெர்மனியில் புது மிஷின் பழக ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் என் பெயர் இருந்தது. 'தெரியாது' என்று சொன்னதற்குக் கிடைத்த கூலி என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். காதில் விழாதவன் போல விமானம் ஏறினேன்.

செல்லே என்ற ஊரில் தங்கினோம். பயிற்சிக் கூடத்துச் சுவரில் பழைய ரிக்குகளின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒரு படத்தின் முன்னால் என் கால் நின்றுவிட்டது. அந்தப் பச்சை நிறம், அந்த வளைந்த மூடி, அந்தக் கைப்பிடி எல்லாமே எங்கள் மிஷினுடையவை. பயிற்சி ஆசிரியர், "இதை இப்போது செய்வதில்லை. ஒன்றே ஒன்று ஹார்ஸ் மலைமேல் ஒரு பல்கலைக்கழகத்தில் காட்சிக்கு நிற்கிறது" என்றார்.

அதே வாரம் மாணிக்கத்தின் கடிதம் வந்தது. நாலு வரிதான். மாதக் கடைசியில் இறுதி விசாரணை. வேலை போனால் மாமனார் ஊரில் போய் மாடு மேய்க்க வேண்டியதுதான். எங்கள் மிஷினைக் காரைக்கால் யார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கழுவிப் பெயிண்ட் அடிக்கப்போகிறார்களாம். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

கடைசி வரிதான் என்னைப் போட்டு வாட்டியது.

எங்களுக்குத் தலைமையாக வந்திருந்த என்ஜினீயர் கோபாலன் சார் அந்த மலைமேல் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தார். எங்கள் ஊரில் துளை போட்டபோது ஆழத்திலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை அங்கே ஒரு பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும். பெட்டி நல்ல கனம். "நான் தூக்கிட்டு வரேன் சார்" என்றேன். நானாகப் போய் அவரிடம் பேசியது அதுவே முதல் தடவை. ஆச்சரியத்தில் அவர் சரி என்றுவிட்டார்.

முதல் நாள் ரயிலிலேயே மானம் போயிற்று. இறங்க வேண்டிய நிலையம் வந்தது. நான் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கதவு திறக்கும் என்று காத்திருந்தேன். அந்தக் கதவுக்கு ஒரு கைப்பிடி உண்டு, அதைத் திருகினால்தான் திறக்கும். ஒன்பது வருஷம் பிரேக் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு அது கண்ணில் படவில்லை. பின்னால் நின்ற கிழவி ஒருத்தி என் கக்கத்துக்குக் கீழே கையை விட்டுத் திருகினாள். ஏதோ சொல்லவும் சொன்னாள். கோபாலன் சார் மொழிபெயர்த்தார்: "கதவு மரியாதை தெரியாதது, தானாகத் திறக்காது என்கிறாள்."

மலைப் பஸ்ஸின் டிரைவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து என்ன இது என்றார். கல் என்று சார் சொன்னார். பஸ் முழுதும் சிரித்தது. நூற்றுக்கணக்கான வருஷமாகச் சுரங்கம் தோண்டிக் கல்லாகவே கிடக்கிற மலை அது. வேதாரண்யத்துக்கு உப்பு மூட்டை சுமந்த கதையாக நாங்கள் கல் கொண்டுபோனோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கல் பத்தாயிரம் அடிக்குக் கீழேயிருந்து வந்தது, அதில் மாணிக்கத்தின் வியர்வை இருந்தது. தமிழில், உரக்கவே சொன்னேன்: "சிரிங்க. இதுல பாதி ஆழம் தோண்டிட்டு வந்து சிரிங்க." யாருக்கும் புரியவில்லை. ஆனால் சிரிப்பு நின்றது. சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

விடுதியில் சாப்பாடு. சார் சைவம் என்பதால் அவருக்கு வேகவைத்த உருளைக்கிழங்கும் புளிக்காத கட்டித் தயிர் போன்ற ஒன்றும் வந்தன. எனக்கு அந்த மலையின் பெயர் பெற்ற பாலாடைக்கட்டியைக் கொண்டுவந்து வைத்தாள் விடுதிக்காரி. வட்டமாக, சின்னதாக, மஞ்சளாக இருந்தது. நாற்றத்தில் அது நாகப்பட்டினத்துக் கருவாட்டுக்கு அண்ணன். சார் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். எனக்கோ வீட்டு ஞாபகம் வந்து இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். விடுதிக்காரி சமையலறையில் இருந்தவர்களை அழைத்து வந்து என்னைக் காட்டினாள். வெளியூர்க்காரன் அதை இரண்டாவது கேட்டது அங்கே அதுதான் முதல் தடவையாம்.

கோபாலன் சார் நல்ல மனுஷர். பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்து முதலில் என் தட்டில்தான் வைத்தார். பின்னால் நடந்ததைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் காலை மூடுபனி. எதிரே வருகிறவர்கள் மூக்கு மோதும் தூரத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தார்கள். தெரிந்ததும் எல்லோரும் ஒரே வணக்கத்தைச் சொன்னார்கள். சுரங்கத்துக்குள் இறங்கினவன் நல்லபடியாக மேலே வரட்டும் என்று அதற்கு அர்த்தமாம். மளிகைக் கடையில் மோர் வாங்கப் போனபோதும் அதையே சொன்னார்கள். ஆம், அங்கே மோர் கிடைக்கிறது, காகித டப்பாவில். உப்பும் பெருங்காயமும்தான் இல்லை. இறங்குகிறவன் ஏறி வரட்டும் என்று மோர் விற்கிறவள்கூட வாழ்த்துகிற ஊர். எங்கள் ஊரில் ரிக் லாரி ஏறப் போகிறபோது, "இன்னிக்காவது சீக்கிரம் வா" என்பார்கள். அர்த்தம் ஒன்றுதான்.

பேராசிரியர் எங்கள் பெட்டியைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு நாக்கை நீட்டி நக்கினார். நான் சாரைப் பார்த்தேன். "அப்படித்தான்யா பாறையில என்ன இருக்குன்னு கண்டுபிடிப்பாங்க" என்று சார் காதில் சொன்னார். எங்கள் மண்ணை ருசி பார்த்த ஜெர்மன்காரர் முகத்தில் திருப்தி தெரிந்தது. உப்பு இருந்திருக்க வேண்டும்.

அங்கேதான் சாகுல் வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். வராந்தாவில் தமிழ் கேட்டு ஓடி வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அண்ணாச்சி, ரெண்டு வருஷம் ஆச்சு ஒரு தமிழ்க் கெட்ட வார்த்தை கேட்டு. ஏதாவது சொல்லுங்க" என்றான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பிறகு ஒன்று சொன்னேன். கண் கலங்கச் சிரித்தான்.

ரிக் எங்கே என்று கேட்டேன். ஜன்னலைத் திறந்து காட்டினான்.

கட்டடங்களுக்கு நடுவே, புல்வெளியில் நின்றது. பனியில் கோபுரத்தின் பாதிதான் தெரிந்தது. அடியில் சைக்கிள்கள். மேடைக்கு ஏறும் படியில் ஒரு பையனும் பெண்ணும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எல்லாம் புதிதாகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. சேறு படாத ரிக்கை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். பார்க்கச் சங்கடமாக இருந்தது, பிணத்துக்குப் பவுடர் போட்டது போல. ஆனால் பிரேக் மேடை தலைக்கு மேலே இருந்தது. காற்றுக்குத் தகரம் அடைத்திருந்தார்கள். கீழேயிருந்து கைப்பிடியின் நுனி மட்டும் தெரிந்தது. படியின் மேல் முனையில் கம்பிக் கதவு, பூட்டு. சாகுல் பலகையைப் படித்தான். சாவி வைத்திருக்கும் லாங்கே என்கிறவர் நாளைக் காலைதான் வருவார்.

"அப்ப சரி, மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பலாம்" என்றார் கோபாலன் சார்.

"நான் வரலை சார்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சார் கையுறையைக் கழற்றினார். "நாளைக்கு உனக்கு கிளாஸ் இருக்கு. ரிப்போர்ட்ல எழுத வேண்டி வரும்."

"எழுதுங்க சார்."

"இது ஒரு மியூசியம் பீஸ். இதுல என்ன இருக்கு உனக்கு?"

"அந்தக் கொக்கி இருக்கான்னு பாக்கணும்."

சாருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தபோது, அவருக்கு இது முன்பே தோன்றியிருக்கிறது, தோன்றியதை அவர் மடித்து உள்ளே வைத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. விடுதிக்குத் திரும்பி நடந்தார். அவரும் தங்கினார். என்னைத் தனியே விட்டுப் போக அவருக்கும் மனம் வரவில்லை என்று நான் நினைக்கிறேன். இல்லை, நான் என்ன பார்க்கப்போகிறேன் என்று தெரிந்துகொள்ளாமல் போக முடியவில்லையோ என்னவோ.

மூன்றாம் நாள் பனி விலகி வெயில் அடித்தது. லாங்கே அறுபதை நெருங்குகிற ஆள், நீலக் கோட்டு, இடுப்பில் சாவிக்கொத்து. சாகுல் என்னை அறிமுகம் செய்தான். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு, கதவைத் திறந்து, ஒரு மஞ்சள் கயிற்றைக் காட்டிக் கண்டிப்பாக ஏதோ சொன்னார்.

"கயித்துக்கு இந்தப் பக்கமே நிக்கணுமாம் அண்ணாச்சி. தொடக் கூடாதாம்."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைப்பிடி. அதன் அடி எனக்கு முதுகு காட்டி இருந்தது. மூன்று எட்டு வைத்தால் போதும். நான் கயிற்றைத் தாண்டினேன்.

லாங்கே கத்தினார். அந்தக் கத்தல் எனக்குப் புதிதில்லை, ரிக்கில் கத்தாமல் யார் பேசினார்கள்? நான் திரும்பவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து கைப்பிடியின் அடியைப் பார்த்தேன்.

இரும்புத் தட்டின் மேல், சரியாக அந்த இடத்தில், ஒரு சாண் நீளக் கொக்கி. யானைத் தந்தம் போல வளைந்து, நுனியில் ஒரு பல். கைப்பிடி கீழே வந்ததும் அந்தப் பல் போய்க் கவ்விக்கொள்ளும். கொக்கியைத் தட்டோடு பிடித்திருந்தவை இரண்டு போல்ட்டுகள்.

ஆள்காட்டி விரலை ஒரு போல்ட்டின் தலையிலும் சுண்டுவிரலை மற்றதிலும் வைத்தேன். ஒன்பது வருஷம், வெள்ளிக்கிழமைதோறும், இருட்டிலும் மழையிலும் தடவித் தடவி வாழைப்பழம் அடைத்த விரல்கள். அளவு ஒரு நெல்லளவுகூடத் தப்பவில்லை.

சாமிக்கு என்று நினைத்திருந்த இடம் கலியபெருமாளின் காலுக்கு உரிய இடம்.

எனக்கு அழுகை வந்திருக்கலாம். வந்தது கோபம். முதலில் என் மேல். எதற்காக இந்த ஓட்டை என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரையாவது கேட்டிருக்கிறேனா? பிறகு, அந்தப் புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைத்திருந்து, கால் போன பிறகு திறந்து படித்தவர்கள் மேல்.

லாங்கே இன்னும் கத்திக்கொண்டிருந்தார். சாகுல் அவரைச் சமாதானம் செய்யப் பார்த்து, இரண்டு கையையும் விரித்தான். "அண்ணாச்சி, நீங்க கயித்தத் தாண்டினதுக்குக்கூட இவ்வளவு கோவம் இல்லையாம். ஹெல்மெட் இல்லாம தாண்டிட்டீங்களாம்!"

மேலே ஒரு போல்ட்டுகூட அசையாத, துளையே இல்லாத, பெயிண்ட் அடித்த பொம்மை ரிக். அதன் அடியில் ஹெல்மெட். லாங்கே இறங்கிப் போய் மூன்று ஹெல்மெட்டுகளைக் கொண்டுவந்தார். ஒன்றை என் தலையில் அவரே வைத்து, தாடைப் பட்டையையும் இறுக்கினார். படியில் நின்றிருந்த கோபாலன் சாருக்கும் ஒன்று. அதற்குப் பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"இந்தக் கொக்கி இல்லாம மிஷின் வருமான்னு கேளு தம்பி" என்றேன்.

சாகுல் கேட்டான். லாங்கே நீளமாகப் பதில் சொன்னார். சாகுல் சொல்லிக்கொண்டே வந்தான்: "தொழிற்சாலைல இருந்து இது இல்லாம எதுவும் வெளிய போகாதாம். ஆனா கப்பல்ல தூர தேசத்துக்குப் போறதுன்னா கழட்டிச் சின்னப் பெட்டியில தனியா வைப்பாங்களாம். ஒடஞ்சிரக் கூடாதுன்னு. அங்க போயி மிஷினப் பொருத்தி நிறுத்துறவங்கதான் மாட்டணுமாம். மாட்டுறதுக்கு ரெண்டு ஓட்டை இருக்கும், வேற வேலை அதுக்கு இல்லைங்கிறாரு."

"நாங்க அதுல ஊதுபத்தி செருகினோம்னு சொல்லு."

"அண்ணாச்சி…"

"சொல்லு."

சொன்னான். லாங்கே சிரிக்கவில்லை. சற்று யோசித்து ஒரு கேள்வி கேட்டார். சாகுல் என் பக்கம் திரும்பி, "யாருக்கு அடிபட்டுதுன்னு கேக்காரு" என்றான்.

வலது பாதத்தைத் தூக்கிக் காட்டி, கணுக்காலுக்குக் கீழே கையால் வெட்டிக் காட்டினேன். அவர் வாய்க்குள் ஒரு வார்த்தை சொன்னார். அதைச் சாகுல் மொழிபெயர்க்கவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை.

ரொட்டி சுற்றி வந்த பழுப்புக் காகிதம் என் பையில் இருந்தது. அதைக் கொக்கியின் மேல் விரித்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன், பள்ளிக்கூடத்தில் காலணாவைத் தேய்ப்போமே, அது மாதிரி. கொக்கி, பல், இரண்டு போல்ட் தலைகள் எல்லாம் காகிதத்தில் வந்தன. லாங்கே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். தேய்த்து முடித்ததும் தன் அளவுகோலால் இரண்டு போல்ட்டுகளுக்கும் இடையே அளந்து, காகிதத்திலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு என்னைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரச் சொல்லி, ஹெல்மெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கதவைப் பூட்டினார். எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான் வைத்திருந்தார்.

சாகுல் பஸ் நிலையம் வரை வந்தான். "கேஸ் என்ன ஆச்சுன்னு லெட்டர் போடணும் அண்ணாச்சி. அந்தக் கெட்ட வார்த்தையையும் எழுதி அனுப்புங்க, ஸ்பெல்லிங் மறந்துரும்" என்றான்.

பஸ் மலை இறங்கி வீடுகள் வரத் தொடங்கியதும் கோபாலன் சார் தொண்டையைச் செருமினார்.

"பக்கிரிசாமி, அந்த மிஷினை நம்ம ஊர்ல நிறுத்தினது யார் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அவர் இப்போ எங்க இருக்கார்?"

"உங்களுக்கு மேல சார்."

"உனக்கும்தான்."

"எனக்கு எல்லாரும் மேலதான் சார். அதனால எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "சரி. கொக்கி மாட்டவே இல்லைன்னு எப்படி நிரூபிப்ப? இருந்தது, நீங்கதான் கழட்டிப் போட்டீங்கன்னு சொல்லிடுவாங்க. இந்தப் பென்சில் படம் கோர்ட்ல நிக்குமா?"

"நிக்காது சார். ஓட்டை நிக்கும்."

"புரியல."

"அந்த ரெண்டு ஓட்டையிலயும் ஒம்பது வருஷ வாழைப்பழம் இருக்கு சார். சாம்பல், குங்குமம், சந்தனம் எல்லாம் கலந்து சிமெண்டு மாதிரி இறுகிக் கெடக்குது. எனக்கு முன்னாடி இருந்தவர் வச்சதும் அதுக்கு அடியில இருக்கும். போல்ட்டு இருந்த ஓட்டையில அது எப்படி சார் போவும்? கழுவிப் பெயிண்டு அடிக்கிறதுக்குள்ள யாராவது ஒரு ஆணிய விட்டுக் கிண்டிப் பாத்தாப் போதும்."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி அவர் என்னை முன்னால் பார்த்ததில்லை. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "விசாரணைக்கு இதை எழுதிக் கொடுக்கப் போறியா? பாதுகாப்புக் கொக்கி இருக்க வேண்டிய இடத்துல வாழைப்பழம் வச்சோம்னு? சிரிப்பாங்கய்யா. உன்னையும் சேர்த்துத்தான் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். சிரிச்சிட்டு ஓட்டையப் பாக்கட்டும்."

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார் சார், ஏதோ நான் அவரைக் கேட்டதைப் போல.

"உங்க பேரு அதுல வராது சார். நீங்க பாறை கொடுக்கப் போனீங்க."

"ஆமா. நான் எதையும் பார்க்கல."

"ஹெல்மெட்டு மட்டும் போட்டீங்க" என்றேன். அது கிண்டல்தான். செய்துவிட்டேன், திருப்பி எடுக்க முடியாது.

செல்லேயில் இறங்கியபோது பொழுது சாயவில்லை. விடுதி மேஜையில் உட்கார்ந்து விசாரணை அதிகாரிக்கு எழுத ஆரம்பித்தேன். எனக்கு விண்ணப்பம் எழுதிப் பழக்கமில்லை. 'ஐயா' என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்தேன். மூன்றாவதில் 'ஐயா'வுக்கு அடுத்து நேராக விஷயத்துக்கு வந்தேன். அன்று விசாரணையில் 'தெரியாது' என்று சொன்னவன் நான். இன்று தெரியும். கொக்கி எங்கள் மிஷினில் ஒரு நாளும் இருந்ததில்லை. அது இருக்க வேண்டிய ஓட்டைகளில் வெள்ளிக்கிழமைதோறும் வாழைப்பழம் அடைத்து ஊதுபத்தி வைத்தது நான். அதற்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுங்கள். கொக்கியை மாட்டாதவர்களுக்கு என்ன தண்டனையோ அதை அவர்களுக்குக் கொடுங்கள். இரண்டையும் மாணிக்கத்துக்குக் கொடுக்காதீர்கள். மிஷினைக் கழுவுவதற்கு முன் இரண்டு ஓட்டைகளையும் சாட்சி வைத்துக் கிண்டிப் பார்க்க வேண்டும்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பிழை இருந்தது. திருத்தவில்லை. திருத்தினால் யாரோ சொல்லிக்கொடுத்து எழுதினான் என்பார்கள். படத்தை மூலக் கடிதத்தோடு வைத்தேன். கடிதத்துக்கு மட்டும் ஒரு நகல் எழுதி மாணிக்கத்துக்கு வைத்தேன். அதன் கீழே, 'இதைப் பார்த்ததும் யார்டுக்குப் போய் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார். தண்ணீர்க் குழாயோடு எவன் வந்தாலும் எழுந்திருக்காதே' என்று ஒரு வரி சேர்த்தேன். கம்பளி போட்டுக்கொண்டேன் என்றும் எழுதினேன்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குக் கோபாலன் சார் வேறு மேஜையில் உட்கார்ந்தார். ஊறுகாய் பாட்டில் அவரிடம் இருந்தது. நான் ரொட்டியை வெறுமனே சாப்பிட்டேன். எட்டு மணிக்குத் தபால் நிலையம் திறந்தது. இரண்டு கடிதங்களையும் பதிவுத் தபாலில் சேர்த்தேன். பிறகு வகுப்புக்குப் போனேன். அன்று புது மிஷினின் பிரேக் பாடம். கைப்பிடிக்கு அடியில் இருக்கும் கொக்கியை எப்படி மாட்டுவது, எப்படி எடுப்பது என்று காட்டினார்கள். யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று ஆசிரியர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.